பக்கத்தில் இன்னொரு திரை

கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது, நம் குடியிருப்பில் ஐ.டி. வேலையில் இருக்கும் பிள்ளைகள் பலர் அலுவலகத்திலிருந்து ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மடிக்கணினியில் ஒரு திரை, பக்கத்தில் இன்னொரு திரை. லிஃப்டில் அதைப் பார்த்த என் வயதுக்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒன்றைப் பார்க்கவே கண் போதவில்லை, இரண்டு எதற்கு?"

நியாயமான கேள்வி. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் ஒரு தாளைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதியே காலம் கழித்தவன் என்பதால், இதற்குப் பதில் தேடும் ஆசை எனக்கு வந்தது. தேடப் போனால் கதை கணினிக்கு வெகுகாலம் முன்னால் தொடங்குகிறது.

எழுத்து வேலை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் பார்த்து எழுதுவதுதான். கணக்கெழுதுகிறவர் வவுச்சரைப் பார்க்கிறார். மொழிபெயர்ப்பவர் மூலத்தைப் பார்க்கிறார். கட்டுரை எழுதுகிறவர் நாலு புத்தகத்தைப் பார்க்கிறார். கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில். இந்த இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர மனிதர்கள் பட்ட பாடுதான் இந்த வரலாறு.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் பைபிளின் பழைய ஏற்பாட்டை ஆறு பத்திகளாக எழுதுவித்தார். எபிரேய மூலம் ஒரு பத்தி, அதே எபிரேயம் கிரேக்க எழுத்தில் ஒரு பத்தி, பிறகு நாலு கிரேக்க மொழிபெயர்ப்புகள். ஒரே வரிசையில் கண்ணை ஓட்டினால் ஆறிலும் அந்த இடம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். ஹெக்ஸாப்லா, அதாவது ஆறு மடங்கு, என்று அதற்குப் பெயர். முழு நூல் இன்று இல்லை, துண்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

காமர்ஸ் படித்தவர்களுக்கு அடுத்த பெயர் தெரிந்திருக்கும். 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்ற பாதிரியார் ஒரு கணித நூலை அச்சிட்டார். இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய முதல் நூல் அதுதான் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். அவர் அந்த முறையைக் கண்டுபிடிக்கவில்லை, வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை எழுதிவைத்தார். வகுப்பில் நமக்குச் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இதில் உண்டு. அதற்கு முந்தைய இத்தாலியக் கணக்குப் புத்தகங்கள் பலவற்றில் பற்று மேலேயும் வரவு அதற்குக் கீழேயும் இருக்கும். சிலவற்றில் பற்றெல்லாம் புத்தகத்தின் முன்பாதி, வரவெல்லாம் பின்பாதி. ஒரு ஆளின் கணக்கைப் பார்க்கப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். வெனிஸ்காரர்கள் பேரேட்டைத் திறந்தால் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று எதிரெதிராக வைத்தார்கள். புரட்டும் வேலை போயிற்று, கண்ணை ஓட்டினால் போதும். அந்தப் பழக்கம்தான் ஐந்நூறு வருஷம் கழித்து என் மேசை வரை வந்தது.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல ஒரு எந்திரம் உண்டு. அகோஸ்தினோ ரமெல்லி என்ற இத்தாலிய ராணுவப் பொறியாளர் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றியிடம் வேலை பார்த்தார். 1588இல் பாரிஸில் அவர் வெளியிட்ட எந்திரங்கள் பற்றிய நூலில் 195 படங்கள். தண்ணீர் இறைக்கும் எந்திரம், மாவரைக்கும் எந்திரம், கோட்டைக் கதவைப் பெயர்க்கும் எந்திரம் என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு படம் வருகிறது: ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சக்கரம். கிராமத்துத் திருவிழாவில் ராட்டினம் பார்த்திருக்கிறோமே, அந்த மாதிரி. ராட்டினத் தொட்டிகளுக்குப் பதிலாகச் சாய்வுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம் விரித்து வைத்திருக்கிறது. சக்கரத்தைக் கையால் தள்ளினால் அடுத்த புத்தகம் எதிரே வந்து நிற்கும்.

சக்கரம் சுற்றும்போது பலகை தலைகீழானால் புத்தகம் விழுந்துவிடுமே என்று தோன்றும். ராட்டினத் தொட்டி தன் கனத்தால் தொங்குவதால் நேராக நிற்கிறது. ரமெல்லி அப்படி எளிதாக விட்டுவிடவில்லை. வானியல் கடிகாரங்களில் இருப்பது போன்ற பல்சக்கரங்களை உள்ளே வைத்து, பெரிய சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் பலகைகள் அதே சாய்வில் நிற்கும்படி வரைந்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் பல புத்தகம் பார்க்கலாம், அதிலும் கீல்வாதக்காரர்களுக்கு மிக உபயோகம் என்று தன் நூலில் சொல்கிறார். முட்டி வலியோடு படிப்பவர்களைப் பற்றி ஒரு ராணுவப் பொறியாளர் கவலைப்பட்டிருக்கிறார் என்பதே எனக்குப் பிடித்திருந்தது. அவர் அதைச் செய்து பார்த்ததாகச் சான்று இல்லை. பின்னால் வேறு சிலர் எளிய முறையில் செய்தார்கள். சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் ரமெல்லியின் படத்தைப் பார்த்தே மரத்தில் செய்து சுற்றிக் காட்டினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சக்கரம் புத்தகங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறது, இரண்டை ஒரே சமயத்தில் நன்றாகக் காட்டுவதில்லை. இன்றைக்குக் கணினியில் ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி ஜன்னலை மாற்றுகிறோமே, அதுதான் ரமெல்லியின் சக்கரம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்த சிறிய சுழல்மேசையும் கிட்டத்தட்ட அதே ஜாதி. ஐந்து புத்தகம் தாங்கும், மடித்தால் சதுரப் பெட்டியாகிவிடும். அவருடைய மாண்டிசெல்லோ வீட்டில் அதைக் காணலாம்.

நம் பக்கத்தில் இந்த வேலையின் பெருமைக்கு உ.வே.சாமிநாதையரைச் சொல்லாமல் தீராது. சீவக சிந்தாமணியை 1887இல் அவர் அச்சிட்டபோது அதன் பின்னால் இருந்தது ஊர் ஊராய்ப் போய்த் தேடிய ஏடுகள், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்ட உழைப்பு. ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னோர் ஏட்டில் வேறு சொல். அதைத்தான் பாடபேதம் என்கிறோம். ஓலைச்சுவடி புத்தகம் மாதிரி மேசைமேல் விரிந்து நிற்காது. இரண்டு சுவடியைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்ப்பது எவ்வளவு சிரமம் என்பதைக் கயிறு கட்டிய சுவடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் தன் பிரதியில் பார்த்துக்கொண்டு போவதே இதற்கு வசதியான வழி.

இந்த முறை அச்சகங்களிலும் இருந்தது. மூலத்தை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், மெய்ப்புத் திருத்துபவர் அச்சுத்தாளில் கண் வைத்திருப்பார். வங்கியிலும் அதேதான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது மாதாமாதம் பேலன்சிங் என்று ஒரு திருவிழா நடக்கும். லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு கணக்கின் பாக்கியையும் தனிப் புத்தகத்தில் எழுதிக் கூட்டி, ஜெனரல் லெட்ஜர் தொகையோடு சரிபார்க்க வேண்டும். சரியாக வராது. வராவிட்டால் ஒருவர் லெட்ஜரை வைத்துக்கொண்டு தொகையைக் கூவ, எதிரே இருப்பவர் டிக் அடித்துக்கொண்டே வருவார். சாயங்காலம் ஏழு மணிக்கு, ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் பேப்பர்வெயிட் வைத்து, இரண்டு பேர் மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு தாளை ஒரே ஆள் பார்த்தால் தப்பும் என்பதால் இரண்டாவது தாளுக்கு ஒரு சம்பள ஆளையே உட்காரவைத்தார்கள். இரண்டாவது திரையின் உண்மையான விலை அந்தக் காலத்தில் அதுதான்.

தப்புவது ஏன்? 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதன் ஒரே சமயத்தில் மனதில் நிறுத்திக்கொள்ளக்கூடியது சுமார் ஏழு சங்கதிகள்தான், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் ஏழே அதிகம், நாலுதான் என்று குறைத்துவிட்டார்கள். பத்து இலக்கக் கணக்கு எண்ணை ஒரு தாளில் படித்து, அடுத்த பக்கத்தைத் திறப்பதற்குள் கடைசி மூன்று இலக்கம் ஆடத் தொடங்கும். பக்கத்திலேயே தெரிந்தால் மனதில் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

இதை எந்திரத்தில் கொண்டுவரும் யோசனையை முதலில் தெளிவாகச் சொன்னவர் வன்னவர் புஷ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சி முழுவதையும் மேற்பார்த்தவர். 1945 ஜூலையில் அட்லாண்டிக் மாதப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் மெமெக்ஸ் என்று ஒரு கற்பனை மேசை. மேசைக்குள் மைக்ரோஃபிலிமில் புத்தகங்கள், கடிதங்கள் எல்லாம் அடங்கியிருக்கும். மேசைமேல் சாய்வாகத் திரைகள். ஒன்றில் ஒரு பக்கத்தை நிறுத்திவைத்து, இன்னொன்றில் வேறொன்றை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். கணினி என்றால் ஒரு பெரிய அறையை அடைக்கும் கணக்கு எந்திரம் என்றிருந்த காலத்தில், எழுதுகிற மனிதனுக்கு ஒரு திரை போதாது என்று ஒருவர் நினைத்திருக்கிறார்!

அந்த மேசையை யாரும் செய்யவில்லை. ஆனால் போர் முடிந்த சமயம் பிலிப்பைன்ஸில் கடற்படை ரேடார் பிரிவில் இருந்த டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற இளைஞர் அந்தக் கட்டுரையைப் படித்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மவுஸ், திரையில் திருத்தி எழுதுவது, தொட்டால் வேறு பக்கம் போகும் இணைப்பு என்று எல்லாவற்றையும் ஒரே மேடையில் அவர் செய்து காட்டியது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நான் சொல்ல வந்த கதை 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.சி.யை வெளியிட்டதிலிருந்து சூடு பிடிக்கிறது. அதற்கு இரண்டு விதத் திரை அட்டைகளை ஐ.பி.எம். விற்றது. ஒன்று, பச்சை எழுத்து மட்டும் காட்டும் அட்டை. எழுத்து கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், ஆனால் ஒரு கோடு, ஒரு படம் வராது. அலுவலகத்துக்கு அது. இன்னொன்று வண்ண அட்டை. படம் வரும், ஆனால் எழுத்து சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் கணினியின் நினைவகத்தில் வெவ்வேறு முகவரியைப் பிடித்துக்கொண்டதால், ஒரே பெட்டியில் இரண்டையும் செருகி, இரண்டு மானிட்டரையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடிந்தது.

அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள். பச்சைத் திரையில் எண்கள், வண்ணத் திரையில் அதே எண்களின் வரைபடம். எண்ணை மாற்றினால் பக்கத்தில் படம் மாறும். ஆட்டோகேட் வரைபடக்காரர்கள் ஒன்றில் கட்டளையும் மற்றதில் வரைபடமுமாக வைத்துக்கொண்டார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ஒன்றில் நிரல் ஓட, மற்றதில் அது எங்கே உதைக்கிறது என்று பார்த்தார்கள். ஆக, இரண்டு மானிட்டர் என்பது இன்றைய ஐ.டி. பிள்ளைகளின் ஆடம்பரம் அல்ல. பி.சி. பிறந்த சில வருஷத்திலேயே கூடப் பிறந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை, எழுத்துக்காரர்களுக்கு மிக நெருக்கமானது. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஐ.பி.எம். பி.சி.யில் தாய் எழுத்தில் எழுத விரும்பினார். பச்சை அட்டைக்கு ஆங்கில எழுத்துகள் சில்லிலேயே பதிந்திருந்தன. தாய் எழுத்துக்கு இடமே கிடையாது. வண்ண அட்டையில் புள்ளி புள்ளியாய் வரையலாம், ஆனால் நாளெல்லாம் அதைப் பார்த்து எழுதினால் கண் போய்விடும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தெளிவான பச்சைத் திரையிலேயே 720க்கு 348 புள்ளிகளில் எதை வேண்டுமானாலும் வரையும்படி தானே ஒரு அட்டையை வடிவமைத்துவிட்டார். 1982இல் அது ஹெர்க்குலிஸ் கார்டு என்ற பெயரில் விற்பனைக்கு வந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் ஊரிலும் அந்தக் காலத்துப் பி.சி.க்களில் அதுவும் அதன் நகல்களும் ஏராளம். தமிழுக்கும் தாய் மொழிக்கு இருந்த அதே கஷ்டம்தான் இருந்தது. இந்திய மொழிகளுக்கு ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கி, சி-டாக் வழியாக வந்த ஜிஸ்ட் கார்டு அந்த வேலையைச் செய்தது. தன் மொழியில் எழுத வேண்டும் என்ற ஒருவருடைய பிடிவாதம் பல லட்சம் பேருக்குத் திரை கொடுத்தது என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

ஐ.பி.எம். பி.சி.யில் இரண்டு திரையும் இரண்டு தனித் தீவுகள். ஒன்றிலிருந்து மற்றதற்கு எதையும் நகர்த்த முடியாது. 1986இல் மெக்கின்டாஷ் குழுவிலிருந்து வெளியேறிய சிலர் ரேடியஸ் என்ற நிறுவனம் தொடங்கி, ஒரு முழுத் தாளைக் காட்டும் நெட்டைத் திரையைச் செய்தார்கள். மெக்கின்டாஷின் சின்னத் திரையும் இந்தப் பெரிய திரையும் ஒரே மேசையின் இரு பகுதிகள் போல நடந்துகொண்டன. ஒன்றின் ஓரத்திலிருந்து ஜன்னலை இழுத்தால் மற்றதில் போய் விழும். 1987இல் ஆப்பிள் தன் மெக்கின்டாஷ் 2 கணினியிலேயே அந்த வசதியை வைத்தது. விலை? சாதாரண எழுத்தாளர் பக்கத்தில் போக முடியாது. அச்சுக்கு முன்னேற்பாடு செய்யும் கூடங்கள், விளம்பர நிறுவனங்கள் வாங்கின. விண்டோஸ்காரர்கள் 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 98இல் ஒன்பது மானிட்டர் வரை இணைக்கலாம் என்றார்கள். ஒன்பதை வைக்க யாரிடம் மேசை இருந்தது? அன்றைய பதினேழு அங்குல மானிட்டர் ஒன்று பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும். ஆழம் ஒன்றரை அடி. இரண்டை வைத்தால் சாதாரண மேசை நடுவில் வளையும்.

அந்தச் சமயத்தில் வங்கிக்கும் கணினி வந்துவிட்டது. ரங்கராஜன் கமிட்டி 1984இல் அறிக்கை தந்தது, சங்கங்களோடு பேச்சு நடந்தது, லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது, அப்புறம் முழுக் கணினிமயம். எதுவந்தாலும் கவுன்டருக்கு ஒரே திரை. நான் வேலை பார்த்த மென்பொருள் ஒன்றில் வாடிக்கையாளரின் பாக்கித் தொகை ஒரு பக்கம், கையெழுத்து இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து தெரியாது. பாக்கியைப் பார்த்து, செக்கின் பின்னால் பென்சிலால் குறித்துக்கொண்டு, கையெழுத்துப் பக்கத்துக்குப் போவோம். பேரேட்டில் எதிரெதிராக இருந்ததைக் கணினி ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிட்டது. வெனிஸ்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது தட்டைத் திரைதான். 2000த்துக்குப் பிறகு பத்து வருஷத்துக்குள் பழைய பெட்டி மானிட்டர்கள் கடைகளிலிருந்தே மறைந்தன. கனம் மூன்று நாலு கிலோவாகியது. விலை விழுந்துகொண்டே வந்தது. பெருநிறுவனங்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவதால், நல்ல நிலையில் உள்ள பழைய திரைகள் சந்தைக்குக் கொட்டுகின்றன. ரிச்சி தெருவில் அவற்றை அடுக்கி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம்.

இரண்டு திரையால் வேலை கூடுகிறதா என்று ஆராய்ச்சிகளும் வந்தன. அதிகம் எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2003இல் நடந்தது. பல திரைகளில் வேலை செய்தவர்கள் வேகமாகவும் பிழை குறைவாகவும் முடித்தார்கள் என்பது முடிவு. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் மானிட்டர், திரை அட்டை விற்கும் நிறுவனங்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடன் கேட்பவரே தன் சொத்துக்கு மதிப்பு எழுதிக்கொண்டு வந்தால் வங்கியில் எப்படிப் பார்ப்போமோ அப்படி. பொய் என்று சொல்லவில்லை, நம் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கூட்டிப் பார்க்க நமக்கு ஒரு கணக்கு அமைந்தது. நம் குடியிருப்பில் ஒரு சகோதரி வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு செய்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெரியவருக்கு மருந்து, பையனுக்கு ஃபீஸ் எல்லாம் அதிலிருந்துதான். பன்னிரண்டு அங்குல மடிக்கணினி ஒன்று. ஆங்கில மூலம் ஒரு ஜன்னலில், தமிழ் இன்னொன்றில். ஒரு பக்கம் முடிவதற்குள் எத்தனை முறை ஜன்னல் மாறுகிறார் என்று இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். சுமார் நாற்பது. ஒவ்வொரு முறையும் விட்ட வரியைக் கண் தேடிப் பிடிக்க மூன்று விநாடி என்று வைத்தாலும் பக்கத்துக்கு 2 நிமிஷம். நாளைக்குப் பத்துப் பக்கம், 20 நிமிஷம். மாதம் 25 நாள் என்றால் 500 நிமிஷம். எட்டு மணி நேரத்துக்கு மேல். மாதத்தில் ஒரு முழு நாள் கூலி, வரி தேடுவதிலேயே போகிறது. அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்டார். பழைய பத்தொன்பது அங்குலத் திரை ஒன்று 2,200 ரூபாய்க்கும், அதை இணைக்கும் கன்வர்ட்டர் 350 ரூபாய்க்கும் கிடைத்தது. மொத்தம் 2,550. இரண்டாவது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிட்டது என்று அவரே கணக்கெழுதிக் காட்டினார். வேகத்தைவிட, ஒரு வாக்கியத்தை முழுசாக விட்டுவிடுவது நின்றதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி. அப்படி ஒரு வரி விட்டுப்போனதற்காக முன்பு ஒரு வேலைக்கே கூலி பிடித்துக்கொண்டார்களாம்.

மின்சாரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த அளவுத் திரை 25 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் நாலு யூனிட்டுக்குள். இரண்டு மாத பில்லில் ஏழெட்டு யூனிட்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மனதிலிருந்து கதை எழுதுகிறவருக்கு இரண்டாவது திரை பெரும்பாலும் வாட்ஸ்ஆப் பார்க்கத்தான் பயன்படும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், இணையத்தோடு இணைக்காத பழைய டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டாரில் எழுதுவதாகத் தானே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு திரையே தாராளம். பார்த்து எழுதுகிறவர்கள், ஒப்பிட்டுத் திருத்துகிறவர்கள், கணக்குப் போடுகிறவர்கள்: இவர்களுக்குத்தான் இது.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். விண்டோஸ் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் ஜன்னல் திரையின் இடப்பாதியில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றை வலப்பாதியில் ஒட்டுங்கள். 2009இல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்து இருக்கிறது. பதினைந்து அங்குலத் திரையாக இருந்தால் பலருக்கு இதுவே போதும். போதவில்லை என்றால் வீட்டு டி.வி.யை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்து ஒரு வாரம் பாருங்கள். எழுத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டி.வி.யின் படஅளவு அமைப்பைத் திரைக்குச் சரியாகப் பொருந்தும்படி மாற்ற வேண்டும்.

பழைய திரை வாங்கினால் அதில் பெரும்பாலும் நீலநிறப் பதினைந்து ஊசி வி.ஜி.ஏ. முனைதான் இருக்கும். 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. வெறும் கேபிள் வாங்கிச் செருகினால் படம் வராது, ஏனென்றால் ஒன்று டிஜிட்டல், மற்றது அனலாக். நடுவில் மாற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டைப்-சி முனை மட்டும் இருக்கும் மடிக்கணினி என்றால், எல்லா டைப்-சி முனையும் படம் அனுப்பாது. கணினியையே கடைக்கு எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்துவிடுங்கள். கடையில் திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டும் வைத்துப் பார்த்தால் செத்த புள்ளிகள் தெரிந்துவிடும். இணைத்தபின் விண்டோஸ், பி விசைகளைச் சேர்த்து அழுத்தி நீட்டிப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டிலும் ஒரே காட்சி தெரியும், பணம் வீண் என்று தோன்றும்.

வைக்கும் விதத்தில் ஒரு வார்த்தை. எழுதும் திரை நேர் எதிரே, பார்க்கும் திரை பக்கத்தில், கை நீட்டும் தூரத்தில், இரண்டும் ஒரே உயரத்தில். மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்பார்கள். நம்மைப் போல இரட்டைக் கண்ணாடி போட்டவர்களுக்கு அது பொருந்தாது. கீழ்க்கண்ணாடி வழியாகப் பார்க்க நாள் முழுக்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும். திரையைக் கொஞ்சம் தாழ்த்தி, சற்று மேல்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நம் சொந்த விஷயம். அசோசியேஷன் தொடங்கிய நாள் முதலான மினிட்ஸ் நோட்டுகளில் பாதி பூச்சி அரித்து, ஒன்றிரண்டு வெள்ளத்தில் நனைந்து மை கலைந்து கிடப்பது பலருக்குத் தெரியும். லிஃப்ட் ஒப்பந்தம், தண்ணீர் இணைப்பு, கார் நிறுத்த ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். அவற்றை ஸ்கேன் செய்து தட்டச்சு செய்யும் வேலையை மூன்று பேர் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நூலக அறைக் கணினியில் ஒரே திரை. படத்தை ஒரு பக்கம் பெரிதாக வைத்தால்தான் கலைந்த எழுத்தைப் படிக்க முடிகிறது. அப்படி வைத்தால் தட்டச்சு செய்ய இடமில்லை. இப்போதைக்கு ஒருவர் செல்போனில் படத்தைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் தட்டுகிறார், எண்பதுகளின் பேலன்சிங் போலவே.

பேஸ்மென்ட்டில் மீட்டர் அறைக்குப் பக்கத்தில் யாருடையதோ இரண்டு தட்டை மானிட்டரும் ஒரு பழைய பெட்டி மானிட்டரும் தூசி படிந்து நிற்கின்றன. பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு, அதைப் பழைய இரும்புக்காரரிடம் உடைக்கக் கொடுக்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்க்க வேண்டும். தட்டை மானிட்டர் இரண்டின் உரிமையாளர்கள் இந்த மாதக் கடைசிக்குள் காவலாளியிடம் சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே வந்து துடைத்து, நூலக அறைக்கு எடுத்துப்போய் எரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். பவர் கேபிள் என்னிடம் இரண்டு இருக்கிறது.